500 டாலர் பாட்டு: பேரி மானிலோவின் விளம்பர நாட்கள்

இரண்டு வாரமாக ஒரே ஒரு ட்ராக்கைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இருப்பவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. 1977-ல் வெளியான 'பேரி மானிலோ லைவ்' என்ற இரட்டை ஆல்பத்தில் இருக்கிறது அது. பேர் 'வெரி ஸ்ட்ரேஞ்ச் மெட்லி'. பேருக்கேற்ற மாதிரி விசித்திரமான தொகுப்புதான். கென்டக்கி சிக்கன், ஸ்டேட் ஃபார்ம் இன்சூரன்ஸ், பேண்ட் எய்ட், டாக்டர் பெப்பர், பெப்சி, மெக்டொனால்ட்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக விளம்பரப் பாட்டுகள். காசு கொடுத்து உள்ளே வந்த ஜனம் அதைக் கேட்டுச் சிரிக்கிறது, கை தட்டுகிறது.

டிவியில் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற நேரத்துப் பாட்டுகள் இவை. அதே பாட்டுகளை நியூயார்க்கின் பெரிய தியேட்டரில், முழு வாத்தியக் குழுவோடு, பின்னால் மூன்று பெண் குரல்களோடு கேட்கும்போது ஏன் இப்படி ஒரு சந்தோஷம்? இந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் குறிப்பு ஆரம்பித்தது. போகப் போக அது வேறொரு கேள்வியாக மாறிவிட்டது: ஒரு பாட்டு யாருடையது?

நம்மில் பலருக்கு மானிலோ அவ்வளவு பரிச்சயம் இல்லாததால் ஒரு சின்ன அறிமுகம். 1943-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். சின்ன வயதில் அக்கார்டியன், பிறகு பியானோ. சி.பி.எஸ். நிறுவனத்தின் தபால் அறையில் வேலை பார்த்துக்கொண்டே இசை படித்தவர். 1964-ல் 'தி டிரங்கார்ட்' என்ற மேடை நாடகத்துக்குப் பழைய பாட்டுகளை ஒழுங்குபடுத்திக் கொடுக்கச் சொன்னார்கள். இவர் முழுக்கப் புதுசாகவே மெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டார். 1971-ல் பெட் மிட்லரின் பியானோக்காரர்; அடுத்த வருடம் வந்த மிட்லரின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர்களில் ஒருவர். 1975 ஜனவரியில் 'மேண்டி' அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அதற்கப்புறம் எழுபதுகள் முடியும்வரை அவர் காட்டில் மழை.

இந்த வரலாற்றின் நடுவில், அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும், அவருக்குச் சோறு போட்டது விளம்பரம். மெட்டுப் போட்டார், வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதினார், பாடவும் செய்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பாட்டும் கூலியும்

மெட்லியில் வரும் பாட்டுகளில் எவை அவருடையவை என்று பிரித்துப் பார்த்தேன். அங்கேதான் சுவாரஸ்யம்.

ஸ்டேட் ஃபார்ம் இன்சூரன்ஸ் பாட்டு, 1971. மெட்டு மானிலோவுடையது. கம்பெனியை நல்ல பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடும் அந்த வாசகம் நீதம் ஹார்ப்பர் அண்ட் ஸ்டீயர்ஸ் என்ற விளம்பர நிறுவனத்திலிருந்து வந்தது. அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த மெட்டு உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவில் எந்தத் தெருவில் நின்று முதல் பாதியைப் பாடினாலும் இரண்டாம் பாதியை யாராவது முடித்து வைப்பார்கள்.

பேண்ட் எய்ட் பாட்டு, எழுபதுகளின் நடுவில். மெட்டு இவருடையது, வரிகள் மைக்கேல் பெக்கர். குழந்தைகள் பாடுகிற பாட்டு.

மெக்டொனால்ட்ஸ் பாட்டு, 1971. இதைத்தான் இவர் எழுதினார் என்று ஊரே நம்புகிறது. எழுதவில்லை. மெட்டு சிட் வொலோஷின், வரிகள் கெவின் கேவின். மானிலோ அதைப் பாடினார், அவ்ளோதான். கேட்டவர்களிடமெல்லாம் அவரும் இதைச் சொல்லித்தான் வருகிறார். ஆனால் மேடையில் மெட்லியின் உச்சத்தில் அவர் அதைப் பாடிவிட்ட பிறகு, திருத்தம் யார் காதில் விழும்?

இப்போது காசுக் கணக்கு. ஸ்டேட் ஃபார்ம் மெட்டுக்கு அவருக்குக் கிடைத்தது 500 டாலர். பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். ஒரே தடவை, மொத்தக் கூலி. அதற்குமேல் ஒரு காசு கிடையாது. விளம்பரத்தில் பாடுகிறவர்களுக்கோ வேறு ஏற்பாடு. நடிகர் சங்க ஒப்பந்தப்படி அந்த விளம்பரம் ஓட ஓட அவர்களுக்குத் தனியாகப் பணம் வரும். அதாவது மெட்டைக் கண்டுபிடித்தவனுக்கு நாள் கூலி, அதைத் தொண்டையில் ஏற்றியவனுக்குக் குத்தகை மாதிரித் தொடர் வருமானம்.

எழுதியதற்குப் பேரும் இல்லை, பங்கும் இல்லை. எழுதாததற்குப் பேர் வந்தது. இந்த இரண்டு வாக்கியத்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முப்பது வினாடிக்குள் ஒரு வீடு கட்டுவது

'ஜிங்கிள் மாதிரி இருக்கிறது' என்பது பாப் இசை விமர்சனத்தில் வசவு. மானிலோ மேல் எறியப்பட்ட கற்களில் பாதி இந்த வகைதான். ஜிங்கிள் என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமலே எறிந்த கற்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டேட் ஃபார்ம் பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டே பாதி. முதல் பாதி ஒரு உவமை: 'இன்னது போல' என்று ஆரம்பித்து நிற்கிறது. வாக்கியம் முடியாததால் காதும் காத்திருக்கிறது. இரண்டாம் பாதியில் கம்பெனியின் பேர் வருகிறது, கூடவே ஒரு வாக்குறுதி. கடைசிச் சொல் நீண்டு இழைகிறது. பேர் முதலில் வந்திருந்தால் அது அறிவிப்பு. காத்திருந்த இடத்தில் வருவதால் அது பதில் ஆகிவிடுகிறது. ஒரு தடவை கேட்டால் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் இந்த அமைப்பு. கேட்பவர் முதல் பாதியைக் கேட்டதுமே இரண்டாம் பாதியைத் தனக்குள் பாடிவிடுகிறார். விளம்பரத்தை நிறைவு செய்வது வாடிக்கையாளரே!

பேண்ட் எய்ட் பாட்டில் வேறு வித்தை. ஆங்கிலத்தில் ஒட்டிக்கொள்வதற்கும் ஒன்றின்மேல் மயங்கிக் கிடப்பதற்கும் ஒரே வினைச்சொல் உண்டு. அந்தச் சிலேடைதான் முழுப் பாட்டும். அதற்கு மானிலோ போட்டிருப்பது ஏறக்குறைய விளையாட்டுத் திடல் மெட்டு. குழந்தைகள் வட்டமாக நின்று கத்திப் பாடுகிற வகை. பெரிய ஆர்மோனி எதுவும் இல்லை. முழங்காலில் சிராய்த்துக்கொண்ட பையன் அழுகையை நிறுத்திவிட்டுப் பாடக்கூடிய அளவுக்குத்தான் அதன் வீச்சு. இதை எளிமை என்று தள்ளிவிடலாம். ஆனால் பாடத் தெரியாதவன் பாடுவதற்காக ஒரு மெட்டு அமைப்பது, பாடத் தெரிந்தவனுக்கு அமைப்பதைவிடக் கஷ்டம். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாட்டு அளவுக்கு மீறி வெற்றி பெற்றது. நாம் எல்லா நகலையும் 'ஜெராக்ஸ்' என்பதுபோல, அமெரிக்காவில் எந்தப் பிளாஸ்திரியையும் பேண்ட் எய்ட் என்று சொல்லும் பழக்கம் உண்டு. ஒரு பேர் பொதுச்சொல் ஆகிவிட்டால் வர்த்தகச் சின்னத்துக்கு ஆபத்து. அதனால் பின்னாளில் பாட்டு வரியிலேயே 'பிராண்ட்' என்ற சொல்லைச் செருகினார்கள். சந்தத்தில் ஒரு அசை கூடியது. கவிஞர் எழுதிய வரியை வக்கீல் திருத்திய பாட்டு உலகத்தில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை, எனக்கு இது ஒன்றுதான் தெரியும். மெட்டு அந்தக் கூடுதல் அசையையும் தாங்கிக்கொண்டது என்பது மெட்டின் பெருமை.

தான் படித்த சிறந்த இசைக் கல்லூரி விளம்பர உலகம்தான் என்று மானிலோ பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 2009-ல் விளம்பரத் துறையின் கிளியோ விருது அமைப்பு அவருக்குக் கௌரவ விருதும் கொடுத்தது. தன்னடக்கம் என்று நாம் இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாட்டைக் கேட்டால் அது உண்மை என்று தெரிகிறது.

யார் அந்த 'நான்'?

எல்லோரும் சொல்லும் விளக்கம், ஜிங்கிள் அவருக்கு 'ஹூக்' அமைக்கக் கற்றுக் கொடுத்தது என்பது. பாட்டின் மனசில் நிற்கிற துணுக்கை முதலில் கண்டுபிடி, மற்றதை அதைச் சுற்றிக் கட்டு. சரிதான். ஆனால் எனக்கு அது பாதி விளக்கமாகத்தான் படுகிறது. மானிலோவின் பெரிய வெற்றிகளில் பல அவர் எழுதியவையே அல்ல. 'மேண்டி' ஸ்காட் இங்கிலீஷும் ரிச்சர்ட் கெரும் எழுதியது. முதலில் அதன் பேர் 'பிராண்டி'. 1977-ல் முதலிடம் பிடித்த 'லுக்ஸ் லைக் வீ மேட் இட்' ரிச்சர்ட் கெரும் வில் ஜென்னிங்ஸும் எழுதியது. இவற்றில் ஹூக் கண்டுபிடித்தது வேறு ஆட்கள். அப்புறம் ஜிங்கிள் இவருக்கு என்னதான் கொடுத்தது?

தன்னுடையது அல்லாத ஒரு 'நான்'-ஐ முழு மனதோடு பாடும் பழக்கத்தைக் கொடுத்தது என்பது என் வாதம்.

பேண்ட் எய்ட் பாட்டில் ஒரு 'நான்' வருகிறது. அந்த நான் யார்? பாடும் குழந்தையா? பொருளை வாங்கும் அம்மாவா? விற்கும் கம்பெனியா? மூன்றும்தான், மூன்றும் இல்லை. அது ஒரு காலி நாற்காலி. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதற்காகவே செய்தது. விளம்பரப் பாட்டை எழுதுகிறவனுக்கு முதல் பாடம், அந்த நாற்காலியில் தான் உட்காரக்கூடாது என்பது.

இப்போது 'ஐ ரைட் தி சாங்ஸ்' பாட்டுக்கு வாருங்கள். 1976 ஜனவரியில் முதலிடம். 'பாட்டெல்லாம் எழுதுகிறவன் நான்' என்று சொல்லும் இந்தப் பாட்டை மானிலோ எழுதவில்லை. எழுதியவர் பீச் பாய்ஸ் குழுவின் புரூஸ் ஜான்ஸ்டன். அந்த வருடத்தின் சிறந்த பாட்டுக்கான கிராமி விருதும் எழுதியவர் என்ற முறையில் அவருக்குத்தான் போனது. மானிலோவுக்கு முன்பே கேப்டன் அண்ட் டெனில் ஜோடியும் டேவிட் காஸிடியும் பாடிவிட்டார்கள். பாட்டில் பேசும் 'நான்' ஒரு மனிதன் அல்ல, இசை என்ற சக்திதான் பேசுகிறது. மானிலோ முதலில் தயங்கினார். கேட்கிறவர்கள் இவன் தன்னைப் பற்றித்தான் தம்பட்டம் அடிக்கிறான் என்று நினைப்பார்களே என்று பயந்தார். அவர் பயந்ததுதான் நடந்தது.

ஆனாலும் பாடினார், எந்த ஒளிவும் இல்லாமல் பாடினார். அந்தப் பதிவைக் கேளுங்கள். அடக்கமாக ஆரம்பித்து, ஏறி ஏறி, கடைசியில் கோரஸும் வாத்தியமும் கூரையைத் தொடுகின்றன. 'இது நான் இல்லை' என்று கண்ணடிக்கிற ஒரு இடம்கூட இல்லை. அவர் காலத்து மற்ற பாடகர்களில் பலரால் இதைச் செய்திருக்க முடியாது. எழுபதுகளின் தொடக்கம் ஜேம்ஸ் டெய்லர், ஜோனி மிட்சல் போன்றவர்களின் காலம். தன் வாழ்க்கையைத் தானே எழுதித் தானே பாடுவதுதான் உயர்ந்தது என்று விமர்சகர்கள் தீர்ப்பெழுதிக்கொண்டிருந்த காலம். அந்தத் தராசில் நிறுத்தினால் மானிலோ ஒரு போலி. காலி நாற்காலியின் தராசில் நிறுத்தினால் அவர் கைதேர்ந்த தொழில்காரர்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வசவு முழுக்கத் தப்பு இல்லை. 'ஐ ரைட் தி சாங்ஸ்' பாட்டின் கடைசி ஏற்றம் எனக்கு இன்னும் திகட்டுகிறது. உணர்ச்சி தானாக வந்து சேர்வதற்குள் வாத்தியங்கள் கழுத்தைப் பிடித்து அழைத்துப் போகின்றன. இதற்கு ஜிங்கிள்மேல் பழி போடுவது மட்டும் நியாயம் இல்லை. முப்பது வினாடிப் பாட்டில் ஸ்ருதி மாற்றி ஏற நேரமே கிடையாது. அந்த ஏற்றம் பிராட்வே மேடையின் சொத்து. விளம்பரத்தில் அவர் கற்றது சிக்கனம். ஊதாரித்தனத்தை வேறு இடத்தில் கற்றார்.

அவர் சொந்தமாக மெட்டுப் போட்டபோது என்ன நடந்தது? 1978-ன் 'கோப்பகபானா'வைப் பாருங்கள். வரிகள் புரூஸ் சஸ்மனும் ஜாக் ஃபெல்ட்மனும். லோலா, டோனி, ரிக்கோ என்று மூன்று பேர், ஒரு இரவு விடுதி, ஒரு துப்பாக்கிச் சத்தம், முப்பது வருடம் கழித்து ஒரு கிழவி. ஒரு முழுச் சினிமாவை நாலு நிமிடத்தில் முடிக்கிறார்கள். இதில் கதை சொல்கிறவன் கதைக்குள் இல்லவே இல்லை, 'நான்' என்று எங்கும் வந்து நிற்பதில்லை. பல்லவி மட்டும் விடுதியின் பேரைச் சொல்லிச் சொல்லி, கிட்டத்தட்ட விடுதிக்கே விளம்பரம் மாதிரி குதூகலமாக ஓடுகிறது. கதை கறுக்கக் கறுக்கப் பல்லவி மாறாமல் சிரித்துக்கொண்டே வருகிறது. கடைசி முறை வரும்போது அந்தச் சிரிப்பு குரூரமாகக் கேட்கிறது. ஜிங்கிளின் இயல்பைத் தெரிந்த ஒருவரால்தான் அதை இப்படித் திருப்பிப் போட முடியும். என்னைக் கேட்டால் அவருடைய சிறந்த பாட்டு இதுதான்.

நம் பக்கத்துக் கணக்கு

இதைப் படிக்கும்போது ஏ.ஆர். ரஹ்மான் ஞாபகம் வராமல் இருக்காது. 1992-ல் 'ரோஜா'வுக்கு முன் சில வருடங்கள் அவருக்கும் விளம்பர இசைதான் தொழில். லியோ காபி விளம்பரம் இன்றைக்கும் பேசப்படுகிறது. மணிரத்னத்துக்கு அவரை அறிமுகப்படுத்தியதும் விளம்பர உலகத் தொடர்புதான். ஆனால் ரஹ்மானை யாரும் 'ஜிங்கிள்காரர்' என்று திட்டவில்லை. நாம் அதை அவருடைய பயிற்சிக் காலம் என்று மரியாதையோடு சொல்கிறோம். மானிலோவுக்கு வசவான அதே வரலாறு இவருக்கு ஏன் பெருமை ஆனது?

ஒரு காரணம் இருக்கிறது. நம் சினிமாப் பாட்டு ஆரம்பத்திலிருந்தே சொல்லிச் செய்கிற வேலை. டைரக்டர் சூழலைச் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், கவிஞர் மீட்டருக்கு எழுதுவார், பின்னணிப் பாடகர் பாடுவார், நடிகர் வாயசைப்பார். அதில் வரும் 'நான்' யாருடையது என்று யாரும் வழக்குப் போட்டதில்லை. எம்.எஸ். விஸ்வநாதன் காதலித்துத்தான் காதல் பாட்டுக்கு மெட்டுப் போட்டாரா என்று நாம் கேட்டதே இல்லை. காலி நாற்காலியின் அழகு நமக்குப் பழகிய விஷயம். அதனால்தான் மானிலோவைத் தமிழ்க் காதால் கேட்டால் அமெரிக்க விமர்சகர்களைவிட நியாயமாகக் கேட்க முடியும் என்று தோன்றுகிறது.

ஆனால் நாமும் ஒரு இடத்தில் வழுக்குகிறோம். சினிமா டைட்டிலில் எல்லோர் பேரும் வரும். விளம்பரத்துக்கு டைட்டில் கிடையாது. தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இருபது முப்பது விளம்பரப் பாட்டாவது இன்றும் அட்சரம் பிசகாமல் வரும். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் பண்ணிய செய்யுளெல்லாம் போய்விட்டது, சலவைத்தூள் பாட்டு போகவில்லை. அதில் எத்தனை பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் பேர் எனக்குத் தெரியும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டு. வெட்கமாகத்தான் இருந்தது.

மறுபடி அந்த மெட்லி

இப்போது அந்த 1977 பதிவை மறுபடி கேட்கிறேன். முதலில் கேட்டபோது, ஜெயித்தவன் தன் பழைய வறுமையை நினைத்துச் சிரிக்கிறான் என்றுதான் தோன்றியது. இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது.

விளம்பரப் பாட்டுக்கு மேடை கிடையாது, கைதட்டல் கிடையாது, பேர் கிடையாது. மானிலோ அதற்கு மூன்றையும் கொடுக்கிறார். தன் மெட்டுக்கு மட்டும் அல்ல, வொலோஷினின் மெட்டுக்கும் சேர்த்து. ஒரு பக்கம் இது தாராளம். இன்னொரு பக்கம், வொலோஷினின் பேர் அந்தக் கைதட்டலில் மூழ்கிப் போனது. 500 டாலரோடு தன் பேரை இழந்தவர், தான் அறியாமலே இன்னொருவர் பேரை மறைக்கும் நிழலாகவும் ஆனார். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த இரண்டு வாக்கியங்கள் இங்கேதான் சந்திக்கின்றன. பேர் இல்லாத பாட்டு சும்மா கிடக்காது. பக்கத்தில் நிற்கிற பிரபலமான ஆளின் பேரைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் எதிர்த் திசையில் போன பாட்டுகளும் உண்டு. 1970-ல் கார்ப்பெண்டர்ஸ் பாடிப் புகழ்பெற்ற 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' முதலில் கலிபோர்னியாவின் கிராக்கர் வங்கி விளம்பரத்துக்காக பால் வில்லியம்ஸும் ரோஜர் நிக்கல்ஸும் எழுதியது. ரிச்சர்ட் கார்ப்பெண்டர் டிவியில் பார்த்துவிட்டு முழுப் பாட்டாகக் கேட்டு வாங்கினார். ரிக்கார்டில் ஏறியதும் எழுதியவர்களுக்குப் பேரும் வந்தது, ராயல்டியும் வந்தது. பாட்டு அதே பாட்டுதான். இருக்கிற இடம் மாறியதும் அதன் ஜாதகமே மாறிவிட்டது.

அதனால் 'ஜிங்கிள்' என்பது பாட்டின் தரத்தைச் சொல்லும் சொல் அல்ல என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். பாட்டு எந்த ஒப்பந்தத்தின் கீழ் பிறந்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. விமர்சகர்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டுக்கு மார்க் போட்டார்கள். நான் இனி அப்படிச் செய்யக்கூடாது என்று தீர்மானம்.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தத் தாளில் இரண்டு பேர்தானே தேறியது. மீதிப் பாட்டுகளை எழுதியவர்கள் யார் என்று தேட ஆரம்பித்திருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது ஒரு பழைய விளம்பரப் பாட்டின் மெட்டுப் போட்டவர் பேர் நிச்சயமாகத் தெரிந்தால் சொல்லுங்கள். தாளில் இடம் நிறைய இருக்கிறது.